மர்பி டவுனில் ஒரு ஈரச் சுவர்

சாந்தகுமாரிக்கு ஒரு குணம் உண்டு. எது கெட்டாலும் அது யாரால் கெட்டது என்று முதலில் தெரிந்தாக வேண்டும். பால் திரிந்தால் பால்காரர், குழம்பு தீய்ந்தால் அந்த நேரம் பார்த்து போன் செய்தவர், புடவை சாயம் போனால் கடைக்காரர் என்று ஓர் ஆள் கைவசம் இருந்தால்தான் அவள் மனசு ஆறும். அல்சூர் பக்கம் ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறாள். அங்கேயும் ஒரு மடிப்பு கோணலாக இருந்தால் அது யார் கை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே சொல்வாள். அதுதான் வினை.

தீபாவளி கழிந்து மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், மர்பி டவுனில் அவள் வீட்டுப் படுக்கையறைச் சுவரில் ஈரம் கண்டது. முதலில் உள்ளங்கை அகலம்தான். பிறகு துண்டு விரித்த அளவுக்குப் பரவி, சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காகத் தலையணையில் உதிர ஆரம்பித்தது. கறை பழுப்பு நிறத்தில் இருந்தது. கிட்டே போனால் ஒரு வாடை வேறு. மழைத் தண்ணீருக்கு ஏது வாடை?

அவள் கணவர் எத்திராஜ் ஆட்டோ ஓட்டுகிறவர். மொட்டை மாடிக்குப் போய்த் தரையில் கண்ட வெடிப்பையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்தார். தண்ணீர்த் தொட்டியின் அடியைத் தடவிப் பார்த்தார். குனிந்து பார்க்க வேண்டியதையெல்லாம் ஒழுங்காகவே பார்த்தார். ஈரம் மட்டும் குறையவில்லை.

"மாடி இல்ல, டேங்க்கும் இல்ல. அப்போ அவங்க பைப்புதான். இதுக்கு இன்ஜினீயர் வேற வந்து சொல்லணுமா?" என்றாள் சாந்தகுமாரி.

அவங்க என்றால் பக்கத்து வீட்டுக் கேரல். இரண்டு வீட்டுக்கும் அந்தச் சுவர் பொது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் கேரல் இந்தக் கோடையில் புதுக் குளியலறை கட்டியிருந்தாள். ஆசைக்காகக் கட்டியதல்ல. அவள் கணவர் டெஸ்மண்டுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பழைய குளியலறைப் படியில் ஒருமுறை வழுக்கி விழுந்தார். அதனால் படியில்லாத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி, உட்கார்ந்து குளிக்க நாற்காலி என்று கேரல் பார்த்துப் பார்த்துச் செய்தாள். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு டெஸ்மண்ட் தானாக எழுந்து நின்ற அன்று சாந்தகுமாரியும் கூட இருந்தாள். கேரலைவிட அதிகமாக அழுததும் அவள்தான்.

அதெல்லாம் இப்போது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? காம்பவுண்டு ஓரம் நின்று கேட்டேவிட்டாள்.

"உங்க பாத்ரூம் தண்ணி என் தலமாட்டுல எறங்குது கேரல். நான் தூங்கறதா, நீந்தறதா?"

"பாக்கறேன் சாந்தா" என்றாள் கேரல். முகம் சுருங்கிவிட்டது.

அன்றிலிருந்து சாந்தகுமாரி அந்த வீட்டுப் படி ஏறவில்லை. வேலை விட்டு வந்ததும் இருவரும் சேர்ந்து டீ குடிப்பது எத்தனையோ வருஷத்துப் பழக்கம். இப்போது கேரல் வாசலில் நின்றால் இவள் செருப்பைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விடுவாள். ஒரு நாள் சாயங்காலம் கேரலே இவள் வீட்டு கேட் அருகே வந்தாள்.

"சனிக்கெழம மேஸ்திரி உமேஷ் வராரு. தரைய ஒடச்சி பைப் மொத்தத்தையும் மாத்திடலாம்னு இருக்கேன்."

"சரி" என்றாள் சாந்தகுமாரி. ஜெயித்தவளுக்குச் சோறு நன்றாக இறங்க வேண்டும். இறங்கவில்லை. உடைத்தால் திரும்பக் கட்டி முடிக்க எவ்வளவு நாளாகுமோ! அதுவரை டெஸ்மண்டைக் கட்டிலிலேயே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டியதுதான். கையும் காலும் இப்போதுதான் கொஞ்சம் கேட்க ஆரம்பித்திருக்கின்றன. நம்ம சுவரும்தானே கெடுகிறது, நாம் என்ன செய்வது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னதில் அவளுக்கே பிடிப்பில்லை.

சனிக்கிழமை விடியும்போது நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. கரண்ட் இல்லை. உடைப்பதற்கு முன் டெஸ்மண்ட் இன்றைக்கு ஒரு தரமாவது வெந்நீரில் குளிக்கட்டுமே என்று அவளுக்குத் தோன்றியது. கோபமெல்லாம் கேரல் மேல்தானே. கீசர் ஓடாவிட்டால் என்ன, தன் வீட்டுப் பின்பக்கக் குளியலறையில் ஹண்டே இருக்கிறதே!

ஹண்டே என்பது செங்கல் அடுப்பின் மேல் பதித்த பெரிய செப்புப் பாத்திரம். கீசர் வந்த பிறகு அதற்கு வருஷத்தில் ஒரு நாள்தான் வேலை. தீபாவளிக்கு முந்தைய சாயங்காலம் அதைப் புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, கழுத்தில் பூச்சரம் சுற்றித் தண்ணீர் நிரப்புவது இந்தக் கன்னட ஊரின் பழக்கம். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிற சாந்தகுமாரியின் தமிழ்க் குடும்பமும் அதை விட்டதில்லை. மறுநாள் எண்ணெய்க் குளியலுக்கு அந்தத் தண்ணீர்தான்.

விறகை எடுத்துக்கொண்டு அடுப்பு வாய்க்குள் கையை விட்டாள். கை சில்லென்றது. வெளியே எடுத்தால் கரித் தண்ணீர், முழங்கை வரை கறுப்பு. அதே வாடை. படுக்கையறைச் சுவரில் அடிக்கிற அதே புகை வாடை. மண்டியிட்டுத் தலையை உள்ளே நுழைத்து மேலே பார்த்தாள். பொதுச் சுவருக்குள்ளேயே, அவள் தலைமாட்டை உரசிக்கொண்டு ஏறுகிற அந்தப் பழைய சிம்னியின் உச்சியில் ஒரு துண்டு வானம் வெளேரென்று தெரிந்தது. மூக்கு நுனியில் ஒரு சொட்டு விழுந்தது.

சிம்னிக்குத் தகர மூடி ஒன்று உண்டு. தீபாவளிக்கு மட்டும் புகை போவதற்காக எத்திராஜ் அதைக் கழற்றுவார். மனைவி சொன்னால் திரும்ப மாட்டுவார், சொல்லாவிட்டால் மாட்டமாட்டார். இந்த வருஷம் அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், மூடியைப் பளபளவென்று தேய்த்த பிறகு, இது வாசலில் இருக்கிற தண்ணீர் டிரம்முக்கு அளவாக இருக்கிறதே, கொசு வராதே என்று அவளே எடுத்து அங்கே போட்டுவிட்டாள். தினமும் காலையில் அதைத் திறந்து தண்ணீர் மொண்டுகொண்டுதான் கேரலைத் திட்டியிருக்கிறாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் டங்கென்று சம்மட்டிச் சத்தம் கேட்டது.

அவள் ஓடிய ஓட்டத்தை மர்பி டவுன் அதற்கு முன் பார்த்ததில்லை. கரி முகமும் அவிழ்ந்த கொண்டையுமாகக் கேரலின் குளியலறை வாசலில் போய் நின்று, "நிறுத்துங்க! பைப்பு இல்ல! பைப்பு இல்ல!" என்று கத்தினாள்.

உமேஷ் ஓங்கிய சம்மட்டியோடு பதறினார். "ஏனாயித்துக்கா? என்னாச்சு? மூஞ்செல்லாம் கரி!"

ஒரே ஒரு டைல் மட்டும் உடைந்திருந்தது. கம்பி, நாற்காலி, தரை எல்லாம் அப்படியே இருந்தன. சாந்தகுமாரிக்கு உயிரே திரும்பி வந்தது. மூச்சு வாங்க மூடியின் கதை முழுவதையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. கேரல் கொஞ்சமும் ஆச்சரியப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க பைப்பு இல்லன்னு எனக்கு முன்னாடியே தெரியும் சாந்தா. நீ சொன்ன அப்பவே உமேஷ் வந்து பைப்ப அடச்சி, தண்ணிய ரொப்பித் தேக்கிப் பாத்துட்டாரு. ஒரு சொட்டு எறங்கல."

"அப்புறம் எதுக்குடி ஒடைக்கற?"

"வாயால சொன்னா நீ நம்புவியா? ஒடச்சிக் காட்டினாதான் நம்புவ." கேரல் உடைந்த டைல் துண்டைக் காலால் ஓரம் தள்ளினாள். "பாத்ரூம் என்ன, இன்னொரு வாட்டி கட்டிக்கலாம். நீ மூஞ்ச திருப்பிட்டுப் போறத டெய்லி நின்னு பாக்க என்னால முடியலடி."

சாந்தகுமாரி அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அதைவிடப் பெரிதாக நெஞ்சிலிருந்து எதுவோ இறங்கிப் போனது, நல்லவேளை, நல்லவேளை என்று மனசு அடித்துக்கொண்டது. கரிக் கையால் கண்ணைத் துடைத்ததில் முகம் இன்னும் மோசமாயிற்று. கேரல் அதைப் பார்த்துச் சிரித்தபடியே முந்தானையால் துடைத்துவிட்டாள்.

உள்ளே கட்டிலில் இருந்து டெஸ்மண்டின் குரல் வந்தது. அவருக்குப் பேச்சு இன்னும் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும்.

"ஒடைக்கல... இல்ல?"

"ஒடைக்கல அண்ணே. நிறுத்தியாச்சு" என்று சாந்தகுமாரி குரல் கொடுத்தாள்.

இத்தனை நாளும் மனைவியிடம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லாத மனிதர், தெருவுக்கே கேட்கும்படி, ஒரு பிசிறும் இல்லாமல் சொன்னார்.

"அப்பாடா!"