இடது காதில் ஐந்து எண்கள்

நாற்பத்தொரு நிமிடம். திங்கட்கிழமை காலை 11.07 முதல் 11.48 வரை. இது கருவியே பதிவு செய்து வைத்திருக்கும் நேரம். நள்ளிரவு இல்லை, மழை இல்லை. வெளியே சுள்ளென்று வெயில். நான் இயற்பியல் படித்தவள். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் மெல்ல எழுந்து போய்விடுவேன். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒரு மருத்துவமனையில் காது பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒலி புகாத சிறிய அறை, உள்ளே ஒரே ஒரு நாற்காலி, நடுவில் தடித்த கண்ணாடி. அந்தப் பக்கம் நோயாளி, இந்தப் பக்கம் நான். ஹெட்போன் வழியாக மெல்லிய ஒலி அனுப்புவேன். கேட்டால் அவர் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். என் பக்கம் பச்சை விளக்கு எரியும். அதிகம் பேச வேண்டாத வேலை. அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

"ஏண்டி, நீ பேசுறதக் கேக்கவே முதல்ல ஒரு மெஷின் வைக்கணும்" என்பார் எங்கள் சீனியர் அக்கா.

அன்று பரிசோதனைக்கு வந்தவர் பட்டாளத் தாத்தா. சொந்தத் தாத்தா இல்லை. என் தாத்தாவின் உயிர் நண்பர்.

என் தாத்தாவை அப்பாவே பார்த்ததில்லை. போர்க்காலத்தில் கட்டாய ஆள்சேர்ப்பு அட்டை வந்து போனவர், அடுத்த ஆண்டே இறந்துபோனார். எதிரி சுடவில்லை. அதிகாலையில் முகாமின் வேலியோரம் நடந்தவரைப் பார்த்துக் காவல் சிப்பாய் மூன்று முறை "நில்" என்று கத்தியிருக்கிறார். தாத்தா நிற்கவில்லை. தப்பியோட முயன்றவர் என்று கோப்பில் எழுதி மூடிவிட்டார்கள். நினைவுக்கல்லில் அவர் பெயர் இல்லை. பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்கு வைத்த பெயர் "ஓடிப்போனவன் மகன்".

அந்தப் பெயரை அழிக்கத்தான் அப்பா மனு மேல் மனு போட்டார். தாத்தாவுக்கு அந்தக் கத்தல் கேட்டிருக்காது என்பதுதான் அவர் வாதம். அச்சகத்தில் பிழை திருத்துபவர். அவர் மனுவில் ஓர் ஒற்றுப்பிழைகூட இருக்காது. இரண்டு மனுக்கள் தள்ளுபடியாகிவிட்டன. மூன்றாவதற்கு வியாழக்கிழமை விசாரணை. அதுவே கடைசி வாய்ப்பு. உயிரோடிருக்கும் ஒரே சாட்சி பட்டாளத் தாத்தா.

அவரைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெருமை. அட்டை வந்தும் உடல் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர், ஆறு மாதம் கழித்துத் தாமாகவே போய்ச் சேர்ந்தார். நண்பர் இருந்த முகாமையே கேட்டு வாங்கிக்கொண்டார். "அவன் அங்க இருக்கும்போது எனக்கு இங்க என்ன வேலை?" இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவுக்குக் கண் கலங்கும். அப்பாவுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவர். கல்யாணத்தில் பெற்றவர் இடத்தில் நின்றவர்.

சாட்சி சொல்ல ஒப்புக்கொண்ட நாளிலிருந்து அவருக்கு ஒரு தொந்தரவு.

"இந்த இடது காதுல யாரோ முணுமுணுக்கிற மாதிரியே இருக்கும்மா."

"விசாரணையில கேள்வி கேப்பாங்க தாத்தா. நல்லா கேக்கணும்ல?"

"கேக்கும் கேக்கும். எனக்கு எப்பவுமே நல்லாத்தான் கேக்கும்."

நான் அவருடைய இடது பக்கம் நின்று, என் வழக்கமான குரலில்தான் கேட்டேன். உடனே பதில் சொன்னார். இதை நினைவில் வையுங்கள்.

பதிவுக்காக அவர் கொடுத்த பழைய பட்டாளப் புத்தகத்தைப் புரட்டினேன். முதல் பக்கம்: 'இடது காது முற்றிலும் கேளாமை. தகுதியில்லை.' அடுத்த பக்கம், ஆறு மாதம் கழித்து: 'இரு காதுகளும் நன்று.' அந்த மாதிரிக் கேளாமை ஆறு மாதத்தில் குணமாகாது. யாரோ தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

11.07. கதவைச் சாத்தினேன்.

வலது காது. வயதுக்கேற்ற குறைதான். ஒவ்வோர் ஒலிக்கும் விளக்கு எரிந்தது.

11.15. இடது காது. முப்பது டெசிபல். விளக்கு எரியவில்லை. ஐம்பது. எழுபது. நூறு. நூறு என்றால் காதருகே இயந்திர ரம்பம் ஓடுவது போல. அவர் அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

மைக்கில் கேட்டேன். "தாத்தா, கேக்குதா?"

"நீ இன்னும் ஒண்ணுமே போடலையேம்மா."

ஹெட்போன் கெட்டுவிட்டது என்று நினைத்து, உள்ளே போய் இடம் வலம் மாற்றிப் போட்டுவிட்டு வந்தேன். கோளாறு ஹெட்போனில் என்றால் இப்போது வலது காதுதான் கேட்கக் கூடாது. ஆனால் வலது காது கேட்டது. இடது... இல்லை.

சற்று முன் என் குரலைக் கேட்ட காது அது.

11.26. பச்சை விளக்கு எரிந்தது.

நான் எதையும் அனுப்பவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவருடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன. பொத்தான் நாற்காலிக் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுபடியும் எரிந்தது. மறுபடியும்.

ஐந்து முறை. பிறகு நின்றது. பிறகு ஐந்து முறை.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். இடது பக்க ஹெட்போன் காதைவிட்டு மெல்ல விலகியது. ஒரு விரல் அகலம். அப்படியே நின்றது. காதில் ரகசியம் சொல்ல யாரோ தூக்கிப் பிடித்திருப்பது போல...

அவர் அசையவில்லை.

ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. "எண்பத்தி நாலு."

நான் எதுவும் சொல்லவில்லை.

"பதினேழு... அறுபத்தி ரெண்டு..."

யாரோ சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வது போல. ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி. அந்த இடைவெளியில் ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம்.

"முப்பத்தி ஒம்பது... அஞ்சு."

மறுபடி எண்பத்தி நாலு. என் கை தானாகவே தாளில் எழுதிக்கொண்டிருந்தது. கால் எழவில்லை.

11.41.

"போதும்டா..."

என்னை அவர் ஒருநாளும் டா போட்டதில்லை.

"போதும்டா... சொல்லாதடா..."

11.48. கதவைத் திறந்தேன். உள்ளே அவர் மட்டும்தான்.

ஹெட்போன் காதோடு ஒட்டியிருந்தது. முகமெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"உள்ள யாரம்மா உக்கார வச்சிருந்த?"

மறுநாள் சீனியர் அக்கா கருவியைப் பிரித்துப் பார்த்தார். எந்தக் கோளாறும் இல்லை. "பயந்தாங்கொள்ளி, லீவு போட்டுட்டு தூங்கு" என்றார். வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை.

புதன்கிழமை மதியம், அப்பா கேட்டிருந்த கோப்பின் நகல் தபாலில் வந்தது. தாத்தாவின் ஆள்சேர்ப்பு மருத்துவ அட்டை. அந்தக் காலத்தில் கருவி கிடையாது. மருத்துவர் முதுகுக்குப் பின்னால் நின்று எண்களை முணுமுணுப்பார். வந்தவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன எண்களை அட்டையிலேயே குறித்து வைத்திருந்தார்கள்.

இடது காது: 84, 17, 62, 39, 5. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சரிக்குறி. கீழே: 'நன்று. தகுதி.'

அதே எண்கள். அதே வரிசை.

நான் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு வேறொன்று தெரிந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"காது நல்லாத்தான் கேட்டிருக்கு."

"அப்பா..."

"அப்ப 'நில்'னு சொன்னதும் கேட்டிருக்கு. அவரு ஓடத்தான் பாத்திருக்காரு." மனுவை எடுத்து மடித்தார். "ஸ்கூல்ல எல்லாரும் சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நான்தான் இத்தனை வருஷம்..."

அப்பா தன் தந்தையைச் சந்தேகித்து நான் பார்த்ததே இல்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கூட்டத்தில் வாய் திறக்காத நான், "கிளம்புங்கப்பா, பட்டாளத் தாத்தாகிட்ட போகணும்" என்றேன்.

மாலை 5.20. பட்டாளத் தாத்தா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் அட்டையை வைத்தேன். பக்கத்தில் திங்கட்கிழமை நான் எழுதிய தாள். இரண்டையும் பார்த்தார். சட்டைப் பித்தானைப் போட்டுக் கழற்றிப் போட்டுக்கொண்டே இருந்தார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன பெரியப்பா இது?"

"ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லதான் அட்டை வந்துச்சுப்பா." குரல் உள்ளே போயிருந்தது. "எனக்குப் போக பயம். உங்கப்பன் என் பேர்ல போய் உக்காந்தான். அதனாலதான் என்னை வேண்டாம்னு அனுப்பினாங்க. அவன் பேர்ல நான் போனேன். கேக்காத மாதிரி நடிச்சிரணும், ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிரலாம்னு பேச்சு. நடிக்கிறவனை ஜெயில்ல தள்ளுவேன்னு டாக்டர் கத்தினாரு. நான்... அஞ்சையும் சொல்லிட்டேன்."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அவர் உங்களைத் திட்டலையா?"

"ஒரு வார்த்தை பேசல. போயிட்டான்."

"செத்தப்புறம் விசாரிச்சாங்களே. அப்ப நீங்க அங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேன். காதுல குறை உண்டான்னு என்னைத்தான் கேட்டாங்க. உண்டுன்னா ஆள் மாறினது வெளிய வந்திரும். இல்லைன்னுட்டேன்."

அப்பா ஒரு சின்னப் பையனைப் போலக் கேட்டார்.

"அப்ப அவர் ஓடலையா?"

பட்டாளத் தாத்தா முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"வலது பக்கம் ஜெனரேட்டர் ஓடிட்டிருந்துச்சு. இடது பக்கமிருந்து கத்தினாங்க. உங்கப்பனுக்கு இடது காது பிறவியிலேயே கேக்காதுப்பா. அது எனக்கு அன்னைக்கே தெரியும்."