நெற்றிக்காசு

வெள்ளி நாணயத்தைக் கையில் எடுக்கும்போது ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும். முகத்தில் விரல் படக் கூடாது. விரலின் ஈரம் இன்று தெரியாது. ஒரு மழைக்காலம் கழிந்ததும் ரேகையோடு கறுத்து எழும்பி வரும். என் மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. அப்போது அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். இப்போது பிளஸ் ஒன். இத்தனை ஆண்டுகளில் அவள் விரல் ஒரு காசின் முகத்திலும் பட்டதில்லை. என் விரல் பட்டது. அதுவும் அவள் பார்த்துக்கொண்டு நிற்கையில், இறந்துபோன ஒரு மனிதரின் நெற்றியில்.

நான் சேர்ப்பது அரசாங்கம் ஏதாவது ஒன்றின் நினைவாக அடித்த பழைய வெள்ளிக் காசுகள். பாறசாலையில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். நெய்யாற்றின்கரையில் தெரிந்த நகைக்கடை ஒன்று உண்டு. பிள்ளைக்கு அரைஞாண் செய்ய யாராவது பழைய வெள்ளியைக் கொண்டுவந்து அதில் இப்படி ஒரு காசு கிடந்தால், உருக்குவதற்கு முன்னால் கடைக்காரர் என்னைக் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மகளும் மேசைமேல் வெள்ளைத் துண்டை விரித்து, லென்ஸ் வைத்துப் பார்ப்போம். ஆண்டுக்குக் கீழே சிறு குறி இருந்தால் பம்பாயில் அடித்தது, ஒன்றும் இல்லையென்றால் கல்கத்தா. குறியைக் கண்டுபிடிப்பதில் என்னைவிட அவளுக்குத்தான் கண் கூர்மை. போனுக்குள்ளேயே அவள் காணாமல்போய்விடக் கூடாதே என்ற பயத்தில்தான் அவளை இதற்குள் இழுத்தேன். நிதானம் வரும், மனிதர்களையும் இப்படிக் கவனித்துப் பார்க்கப் படிப்பாள் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னதும் உண்டு.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு இது தீராத வேடிக்கை. பனச்சமூட்டில் ரப்பர் ஷீட் எடுக்கிற கடை வைத்திருந்தார். அம்பூரிப் பக்கத்திலிருந்து ஜீப்பில் சரக்கு ஏற்றிவந்து இறக்கிவிட்டு, ரப்பர் வாசனையோடேயே எங்கள் வாசலில் வந்து நிற்பார்.

"எலே மக்கா, பத்து ரூவாக் காச ஆயிரம் ரூவா குடுத்து வாங்கினவனாக்கும் கணக்கு வாத்தியாரு. அங்க படிக்கிற பிள்ளியளுக்க கதி என்ன?"

"அது வெள்ளி அண்ணா."

"வெள்ளியா இருந்தா கொலுசு அடிச்சு பிள்ளைக்கு காலுல போடு. செல்லாத காச பூட்டி வச்சிட்டு, லென்ஸும் பிடிச்சிட்டு... எனக்கக் கடையில வா, ஷீட்டுல அழுக்கு பாத்துச் சொல்லு. கூலியாவது கிட்டும்."

மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். பெரியப்பா என்றால் அவளுக்கு உயிர். அவள் பிறந்த அன்று, கொட்டுகிற மழையில் என் மனைவியை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். சொந்த அண்ணன் இருந்திருந்தாலும் அவ்வளவு வேகமாக ஓட்டியிருக்க மாட்டான்.

இந்தக் கர்க்கடக மாத மழையில் அவர் போய்விட்டார். காலையில் கடை திறக்கக் கிளம்பியவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து உடலாகத்தான் வந்தார்.

நான் அழுதுகொண்டுதான் அந்த வீட்டுக்குள் போனேன். அதில் பொய் இல்லை. கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு. அண்ணன் மனைவியை நாங்கள் மைனி என்று கூப்பிடுவோம். மைனி கால்மாட்டில் இருந்தாள். அவளுடைய பிறந்த வீட்டு வழக்கப்படி நெற்றியில் சந்தனம் குழைத்துக் காசு ஒட்டியிருந்தார்கள். சாதாரணமாக ஒரு ரூபாய்தான் ஒட்டுவார்கள். இது பெரியது, பாதி நெற்றியை மறைத்தது.

வெள்ளி என்று கண்ட உடனேயே தெரிந்துவிட்டது. கொடி பிடித்த ஆணும் பெண்ணும், பின்னால் நாடாளுமன்றக் கட்டடம். சுதந்திரத்தின் இருபத்தைந்தாம் ஆண்டுக்கு அடித்த பத்து ரூபாய். என்னிடம் இருந்தது கல்கத்தா. பம்பாய் கிடைக்கவில்லை.

என் அழுகை நின்றதை நானே அறிந்தேன். குழாயைத் திருகி மூடியதுபோல நின்றது. குனிந்தேன். ஆண்டு இருந்த இடத்தில் சந்தனம் அப்பியிருந்தது. விளக்கு வெளிச்சம் விழும்படி தலையைச் சாய்த்துக்கொண்டு, கட்டைவிரலால் அந்தச் சந்தனத்தை மெல்லத் துடைத்தேன். ஒருமுறை போதவில்லை. மறுபடியும் துடைத்தேன். அவருடைய நெற்றியின் குளிர்ச்சி என் விரலில் ஏறியது. குறி தெரிந்தது. நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது.

"பாத்தியளா!" என்று மைனி அலறினாள். "எனக்கத் தம்பி தடவுகத பாத்தியளா! கூடப்பெறந்தவன்கூட இப்பிடித் தொட்டுப் பாக்கல்லியே!"

பெண்களின் அழுகை ஒன்றாகக் கூடி உயர்ந்தது. யாரோ என் தோளைப் பிடித்துத் தூக்கி, தண்ணீர் தந்தார்கள். நிமிர்ந்தபோது கதவோரம் என் மகள் நின்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சந்தனம் ஒட்டிய என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தகனம் வீட்டு வளாகத்திலேயே, வண்டியில் வந்த கேஸ் அடுப்பில். அதைக் கொண்டுவந்த ஆள், "மெட்டல் ஒந்நும் பாடில்லா, கேட்டோ" என்றார், உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாதாம். அண்ணனுக்கு மருமகன் முறையுள்ள ஒரு பையன் நெற்றியிலிருந்த காசை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். விரல் முழுக்க அதன் முகத்தில் அழுந்தியது. ஓரத்தைப் பிடிடா என்று என் மனம் சொன்னது. அண்ணனை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் காசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது எனக்கும் மகளுக்கும் ஒரே குடை.  வேலிப்படலைத் தாண்டியதும், ஞாயிற்றுக்கிழமை மேசையில் கேட்கிற அதே குரலில் கேட்டாள்:

"அப்பா, குறி உண்டா?"

"உண்டு மக்கா. பம்பாய்."

யோசிக்காமல், சந்தோஷமாகவே சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது. அவள் குடையை என் கையில் தந்துவிட்டு மழையில் முன்னால் நடந்து போனாள்.

சாம்பல் எடுக்கிற சஞ்சயனத்தன்று உறவுக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். மைனி ஒரு பழைய துணித் துண்டில் பொதிந்த காசைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"இது எங்க கல்யாணத்துக்கு எனக்கச் சித்தப்பா தந்ததாக்கும். அவரு சொல்லுவாரு, 'இது இங்க உண்டுண்ணு அவனுக்குத் தெரிஞ்சா நம்மள உறங்க விடமாட்டான், சொல்லிராத'ண்ணு." அழுகைக்கு நடுவே சிலர் சிரித்தார்கள். "இனி யாருக்கு ஒளிச்சு வைக்க? அவருக்க நெத்தியத் தடவின கையில இருக்கட்டு."

வேண்டாம் மைனி என்றேன். தன்னடக்கம் என்று நினைத்து இன்னும் அழுத்தி வைத்தாள். வாங்கிக்கொண்டேன். சுற்றிலும் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். மகள் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

பொதியைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்தேன். அவள் அந்தப் பக்கம் வரவில்லை. ஞாயிறன்றும் வரவில்லை. வெள்ளைத் துண்டை நான்தான் மடித்து வைத்தேன். சாப்பிடும்போது இலேசாகப் பேச்சை எடுத்தேன்.

"மக்கா, அந்தக் காசு..."

"ஆல்பத்துல வைக்கப் போறீங்களா?"

"இல்ல. திருப்பிக் குடுக்கப் போறேன். எல்லாம் சொல்லீரப் போறேன்."

அன்றைக்குப் பிறகு முதல்முறையாக அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நானும் வாறேன்" என்றாள்.

மைனி அடுக்களைப் பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் வெளியே ஜீப்பின் அருகில் நின்றுகொண்டாள். பொதியை மைனியின் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னேன். நான் தடவியது நெற்றியை அல்ல, காசை. குனிந்தது குறி பார்க்க. சொல்லும்போது வகுப்பில் கணக்கை விளக்குவதுபோலப் படிப்படியாகச் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவள் கையில் இருந்த கீரைக்கொத்து அப்படியே நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிப்போட்டேனே தம்பி" என்றாள். "துபாய்க்கு மகளுக்க கிட்டகூட போன்ல சொன்னேன். அவ அங்க கெடந்து கரஞ்சு அழுதா. அப்பாவ நல்லபடியாத் தொட்டு அனுப்ப ஒரு ஆளாவது இருந்தாரேண்ணு சொன்னா."

அவள் கீரைக்கொத்தை முறத்தில் போட்டாள்.

"நீ இத வேற ஆருட்டயும் சொல்லாத. எனக்க மகளுக்கு அது அப்பிடியே இருக்கட்டு." பொதியை எடுத்து முந்தானையில் முடிந்தாள். "காசு இங்கதானே இருக்கு. அதுக்கென்ன, நீ போ."

இதுவரை என்னை அவள் போ என்று சொன்னதில்லை. போயிட்டு வா என்றுதான் சொல்வாள்.

மகளிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுக் கேட்டாள்: "அப்பம் இனி எப்பளும் நீங்க தடவினதாத்தான் இருக்கணுமா?"

"ஆமா."

"பெரியம்மைக்காக."

"ஆமா மக்கா."

 கோபமா, இரக்கமா என்று அவள் முகத்தில் தேடினேன். மனிதர்களைப் படிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதாகப் பேசிய எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்குக்குத் துபாயிலிருந்து மைனியின் மகள் வந்திருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையைத்தான் பிடித்தாள். பந்தியில் என்னை முதல் வரிசையில் இருத்தினார்கள். பக்கத்து இலையில் அமரவிளையிலிருந்து வந்த ஒரு முதியவர். என் பக்கம் திரும்பி, எல்லோரும் கேட்கும்படி கேட்டார்:

"நெத்தியத் தடவினது நீயாக்குமா?"

எதிரே நிழல் விழுந்தது. பப்படக் கூடையோடு என் மகள் என் இலைக்கு முன்னால் நின்றிருந்தாள்.

"ஆமா" என்றேன்.

அவள் குனிந்து என் இலையில் ஒரு பப்படம் வைத்தாள். உடையாதபடி, ஓரத்தைப் பிடித்து. பிறகு அடுத்த இலைக்கு நகர்ந்தாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.