வயிற்றில் இல்லை, தலையில்

பெண்கள் வார்டில் தாதிக்குக் கை வேலையைவிட முக வேலை அதிகம். எதைக் கேட்டாலும் முகம் மாறக் கூடாது. அந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடல் தாண்டிய தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் எங்கள் வார்டு கடலைப் பார்த்து இருந்தது. காற்றில் திரைகள் உப்பி உப்பி அடங்கும். பாதி நாள் தூக்கத்தில் நடப்பது போலவே போகும்.

குளிக்காத டீச்சர்

பிலோமினா பள்ளிக்கூட டீச்சர். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவளுடைய அண்ணி ரோசலி கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்தாள். "பல மாசமா நான் குளிக்கலை, மிஸி" என்றாள் பிலோமினா, தலை நிமிராமல். மாதவிலக்கு நின்றதைத்தான் அப்படிச் சொன்னாள். எங்கள் வெள்ளைக்கார லேடி டாக்டருக்குத் தமிழ் அரைகுறை. நான் வாய் திறப்பதற்குள், "ஏன், வீட்டில் தண்ணீர் இல்லையா?" என்று கவலையோடு கேட்டுவிட்டார்.

ரோசலி சிரிக்கவில்லை. "தண்ணி இருக்கு டாக்டரம்மா. மானந்தான் போயிடும் போல இருக்கு."

பால்

சோதித்துப் பார்த்ததில் கர்ப்பம் இல்லை. ஆனால் மார்பில் பால் கசிந்து ரவிக்கை நனைந்திருந்தது. ரோசலி டாக்டரை நம்பவில்லை, ரவிக்கையைத்தான் நம்பினாள். தலைவலியும் இருந்ததால் பிலோமினாவை வார்டில் சேர்த்தோம். அன்று சாயங்காலம் துணி மாற்றிவிடும்போது மெதுவாகச் சொன்னாள்: "மாதாவுக்காவது ஒரு தூதர் வந்து விஷயத்தைச் சொன்னார். எனக்கு யாருமே வரலை, மிஸி."

ஓரம் இல்லாத கடல்

வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள், "ரெண்டு பக்கமும் கடலே இல்லை மிஸி. நடுவுல மட்டும் ஒரு கப்பல் போகுது. அழகாத்தான் இருக்கு" என்றாள். பக்கத்தில் நின்ற டாக்டரிடம் சொன்னேன். அவர் உடனே அவள் முகத்துக்கு இருபுறமும் விரல்களை ஆட்டிக் காட்டினார். அவளுக்குத் தெரியவில்லை.

தலைக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி உண்டு, அதில் கட்டி. மாதவிலக்கை நிறுத்தியதும், பாலை வரவழைத்ததும், பார்வையின் ஓரங்களை மறைத்ததும் அதுதான். ரோசலிக்கு விளக்கிச் சொன்னேன். கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இத்தனை நாளா நான் அவ வயித்தை மட்டுந்தானே பார்த்துக்கிட்டு இருந்தேன்!"

மாப்பிள்ளை

கட்டிக்குக் கதிர் வைத்தியம் செய்தார்கள். முடி கொட்டியது, சோறு இறங்கவில்லை. பிறகு, பனி விலகுவது மாதிரி, கடலின் ஓரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. மாதவிலக்கு திரும்பவில்லை. குழந்தை பிறப்பது சந்தேகம் என்றார் டாக்டர். அதை மாப்பிள்ளையிடம் என்னையே சொல்லச் சொன்னாள் பிலோமினா.

மாப்பிள்ளை ஆரோக்கியம் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே கடல் பக்கம் திரும்பினார். தூரத்தில் ஃபெரி ஊதியது.

"பக்கத்துல நான் நின்னா அவளுக்குத் தெரியுமா, மிஸி?"

"தெரியும்."

"அப்ப போதும்லா."

அழுகிறவர்களுக்குத் தம்ளரில் தண்ணீர் கொடுத்தே என் காலம் போனது. அன்று மட்டும் அந்தத் தம்ளரை நானே காலி செய்தேன்.