மஞ்சள் படகின் ஏலம்

அப்பாவுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. மதியச் சாப்பாட்டை மோட்டார் அறையிலேயே முடித்துவிட்டு, கிரீஸ் போகாத விரலால் போனில் ஒரு கப்பல் விளையாட்டு ஆடுவார். இலவச விளையாட்டு. மீன் பிடித்து நாணயம் சேர்க்கலாம்; அதை வைத்து ஏலத்தில் படகு எடுக்கலாம். அங்கே அவருக்கு ‘லிஃப்ட் மாமா’ என்று பெயர்.

அந்த ஏலம்தான் அவருடைய வயிற்றெரிச்சல். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருப்பார். நேரம் முடிகிற கடைசி நொடியில் எவனோ ஒரு நாணயம் கூட்டிக் கேட்டு, படகைக் கொத்திக்கொண்டு போய்விடுவான்.

“இது நியாயமாடி? என்கிட்டயும் நாணயம் இருக்கு. கேக்க விட்டாத்தானே!”

மகள் மென்பொருள் எழுதுகிறவள். “நான் ஒரு புரோகிராம் எழுதித் தரேன்ப்பா. கடைசி நொடியில அதுவே கேட்டுடும்.”

“அப்புறம் அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? போடி, பெரிய இன்ஜினியரு! லிஃப்ட்டப் பாரு. கதவு மூடும்போது யாராவது கை வச்சா திரும்பத் திறக்குதில்ல? ஏலமும் அப்படித்தான் இருக்கணும். கடைசியில ஒருத்தன் கேட்டா, மத்தவனுக்கு இன்னொரு நிமிஷம் கொடு.”

“மாத்தி மாத்திக் கை வச்சுக்கிட்டே இருந்தா?”

“கை வலிச்சா எடுத்துடுவாங்க. நான் பாக்காத லிஃப்ட்டா?”

இதையே விளையாட்டு நடத்துகிறவர்களுக்கும் எழுதிக்கொண்டிருந்தார். பதிலே வரவில்லை. அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு மஞ்சள் படகு, யாரும் சீண்டாதது. அதன் பக்கவாட்டில் ‘லிஃப்ட் மாமா’ என்று தன் பெயர் ஏறியதை வீட்டில் எல்லோரிடமும் காட்டினார்.

அப்பா இறந்துபோன பிறகுதான் ஏலத்தின் விதி மாறியது. முடியும் நேரத்தில் யாராவது கேட்டால் கடிகாரம் மறுபடி ஒரு நிமிடத்திலிருந்து ஓடும். ஆள் வராத கணக்கின் படகு ஏலத்துக்குப் போகும் என்ற பழைய விதி மட்டும் மாறவில்லை. மகள் எவ்வளவோ முயன்றும் அப்பாவின் பாஸ்வேர்ட் சிக்கவில்லை. மஞ்சள் படகும் ஏலத்துக்கு வந்தது.

அலுவலகச் சாப்பாட்டு அறையில் போனும் கையுமாக உட்கார்ந்தாள். புரோகிராம் எதுவும் எழுதவில்லை. இதற்காகவே தன் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, மீன் பிடித்துச் சேர்த்த நாணயங்கள் இருந்தன.

கடைசி நொடியில் எவனோ கேட்டான். பழைய விதியாக இருந்தால் அதோடு போயிருக்கும். கடிகாரம் திரும்ப ஓடியது. அவள் கேட்டாள். அவன் கேட்டான். அவள் கேட்டாள்.

“சாப்பாடு ஆறிப்போச்சு பாரு,” என்றாள் பக்கத்து மேசைத் தோழி.

“இரு, இரு.”

கையில் இருந்ததை எல்லாம் வைத்து ஒரு தடவை கேட்டாள். எதிராளி விலகிவிட்டதாகத் திரையில் வந்தது. கடிகாரம் முடிந்தால் படகு அவளுக்குத்தான். அப்போதுதான் படகின் பக்கவாட்டைப் பார்த்தாள். இன்னும் ‘லிஃப்ட் மாமா’ என்றே இருந்தது. ஏலம் முடிந்ததும் பழைய பெயர் அழிந்து புதுப் பெயர் ஏறும். தெரிந்த விஷயம்தான். படகை விடக்கூடாது என்ற வேகத்தில் மறந்திருந்தாள்.

தான் கேட்டதற்கு மேல் தானே கேட்டு, அந்தப் பெயருக்கு இன்னொரு நிமிடம் வாங்கித் தர முடியாது.

“யாராவது கை வையுங்களேன்.”

“எதுல?” என்றாள் தோழி.

கடிகாரம் இறங்கிக்கொண்டே வந்தது. யாரும் கேட்கவில்லை. அப்பாவின் பெயர் மறைந்து, அங்கே அவள் பெயர் வந்தது.