ரோபோ மேய்க்கும் தேவஇரக்கம்

காலையில் வந்ததும் கணினித் திரையின் மேல் புறங்கையை வைத்துப் பார்க்கிறார் தேவஇரக்கம், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. பிறகு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "பய லேசாச் சுடுதான். செத்த நேரத்துல படுத்துருவான் பாரு" என்கிறார். அந்தப் பயல் இருப்பது சென்னையில், பூட்டிய அறையொன்றில். இவர் தொட்டது ஒரு பழைய மானிட்டரை. ஆனாலும் சொன்னபடியே படுத்துவிடுகிறது.

பயல் என்பது ஒரு ரோபோ. கையும் காலும் கிடையாது, வெறும் மென்பொருள். ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் பஞ்சு லோடுக் கணக்கை ஒரு திரையிலிருந்து எடுத்து இன்னொரு திரையில் பதிவது அதன் வேலை. முன்பு கணக்குப் பிரிவில் ஒரு வரிசையே உட்கார்ந்து செய்த வேலை. அந்த வரிசையில் தேவஇரக்கமும் இருந்தார். ரோபோ வருகிறது என்று கேள்விப்பட்ட வாட்ச்மேன் மலைச்சாமி, அதை இறக்க கேட்டுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்தாராம். ஆயுத பூசையன்று சந்தனம் வைக்க அதன் உடம்பைத் தேடிவிட்டு, கடைசியில் ஒரு மவுஸுக்குப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைத்திருக்கிறார்கள்.

ரோபோவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஆலை ஒரு சென்னைக் கம்பெனியிடம் மொத்தமாக ஒப்படைத்தது. இதற்கு மேனேஜ்டு சர்வீஸ் என்று பெயர். உங்கள் தொல்லை இனி எங்கள் தொல்லை என்று பொருள். சென்னை அந்தத் தொல்லையை மதுரைக் கம்பெனி ஒன்றுக்குக் கைமாற்றியது. மதுரைக்காரர்கள் வாடகை குறைவென்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடை மாடியில் அறை பிடித்து, நூற்பாலைக் கணக்கில் அனுபவமுள்ள ஆள் தேவை என்று விளம்பரம் செய்தார்கள். அனுபவமுள்ள ஆள், ரோபோ வந்ததால் வேலை போய் ராஜபாளையத்தில் வீட்டில் இருந்தார். இப்போது தினமும் பஸ் ஏறி வந்து, தன் பழைய வேலையைச் செய்யும் ரோபோவுக்குப் பணிவிடை செய்கிறார். "முன்னாடி சைக்கிள்ல போனேன், இப்ப பஸ்ல போறேன். முன்னேற்றந்தாம்லே."

என்னோடு பள்ளியில் படித்தவர், அதனால் எனக்கு இந்த 'லே'. சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் பாதியை இப்படித்தான் ஒப்படைத்துவிட்டார்கள். மீதிப் பாதியில் நான் இருக்கிறேன். விடுமுறைக்கு வந்த இடத்தில் அவர் அறையில் போய் உட்கார்ந்துகொண்டதற்கு நட்பு மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

பால் சுண்டும் வாசனை படியேறி வரும். சர்க்கரை நோயாளியான அவர் கண்ணை மூடி இழுத்துவிட்டு, "இன்னைக்குப் பதம் செத்த கூடிப்போச்சு" என்பார். வாயில் வைப்பதில்லை. கடைக்காரர் மனைவி யோகேஸ்வரி, கணினிக்குத் தூசி ஆகாதென்று அறை வாசலில் 'செருப்பைக் கழற்றவும்' என்று பலகை மாட்டியிருக்கிறார். மதுரையிலிருந்து வரும் அதிகாரிகள்கூடக் கழற்றுகிறார்கள். தேவஇரக்கம் மாட்டார். "இதென்ன கோயிலா? அந்தப் பயலுக்கு நான் செருப்பக் கழட்டணுமாக்கும்."

ஆலையின் கணக்குப் பிரிவில் மிச்சமிருக்கும் ஒரே நாற்காலியில் அவருடைய மனைவி வின்சி இருக்கிறார். லாரிகளின் எடைச் சீட்டைப் பார்த்து வின்சி தட்டச்சு செய்து வைத்தால்தான் ரோபோ எடுத்து ஓடும். ஆலை ஊழியரும் சேவை ஊழியரும் நேரடியாகப் பேசக் கூடாது என்பது ஒப்பந்தம். ரோபோ நின்றால் வின்சி சென்னைக்கு 'டிக்கெட்' என்ற புகார் போட வேண்டும், சென்னை மதுரைக்குத் தள்ளும், மதுரை இவருக்குத் தள்ளும். காலையில் ஒரே சட்டியில் இட்லி தின்றவர்கள். வின்சி ஒருநாள் பொறுமையிழந்து போனில் கூப்பிட்டுவிட்டார்.

"உங்க ஆளு படுத்துட்டான்."

"டிக்கெட் போடு தாயி."

"ராத்திரி சோத்துக்கு நீங்க டிக்கெட் போட்டுட்டு வாங்க."

அது ஏன் படுத்துக்கொள்கிறது என்பது இவருக்கு முதல் வாரத்திலேயே தெரியும். அப்போது கணக்குப் பிரிவுக்குத் தலைவராக இருந்த சுந்தரபாண்டியன் அண்ணாச்சி, காகிதமானாலும் கணினியானாலும் பிள்ளையார் சுழி போடாமல் தொடங்க மாட்டார். ரோபோ முதல் கட்டத்தில் தேதியை எதிர்பார்க்கும். அங்கே 'உ' இருப்பதைக் கண்டதும் திகைத்து நின்றுவிடும். தேவஇரக்கம் அதை அழித்து, தேதியைப் போட்டுத் தட்டி எழுப்புவார். 'அடையாளம் தெரியாத குறி, நீக்கப்பட்டது' என்று மேலே அறிக்கை போகும்.

அண்ணாச்சி பொன்னாடை வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றார். ரோபோ படுக்காமல் ஓட ஆரம்பித்தது. அன்றிலிருந்து தேவஇரக்கத்துக்குத் தூக்கம் போயிற்று. இப்படியே மூன்று மாதம் ஓடிவிட்டால் எடைச் சீட்டையும் கேமராவே படிக்கும், வின்சியின் நாற்காலியை எடுத்துவிடலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஓயாமல் படுத்தாலோ ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குப் போகும், இவர் நாற்காலி போய்விடும். மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள். வீட்டுக்கு இரண்டு நாற்காலியும் வேண்டும்.

சாப்பிடும்போது ஒருநாள், யாரிடம் என்றில்லாமல், "அண்ணாச்சி இருந்தப்ப எம்புட்டு அழகாப் படுத்தான்" என்றாராம். மறுநாள் முதல் கட்டத்தில் 'உ' வந்து உட்கார்ந்திருந்தது.

வின்சி மாதா கோயில் பாடகர் குழுவில் முதல் குரல். கணவர் புராட்டஸ்டன்ட், சி.எஸ்.ஐ. சபை. கல்யாணத்துக்கே இரண்டு சபைகளையும் சமாதானம் செய்தவர்கள்.

"யாருலே சுழி போடுதது?" என்று கேட்டேன்.

"அண்ணாச்சி ஆவியா இருக்கும்."

"அவர் உசிரோடல்லா இருக்காரு."

"அதனாலதான் வாரத்துக்கு ஒண்ணு, ரெண்டோட நிறுத்திக்கிடுதாரு. மாத்திரை மாதிரிலே. கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

நான் ஊரில் இருந்தபோதுதான் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கூட்டம் நடந்தது. எல்லாரும் காணொளியில். கேமராவுக்குப் படாமல் நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். சென்னையிலிருந்து கௌதம்ராஜ் என்ற இளைஞர் பேசினார். நோயின் மூலத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகவும், ஒரே ஒரு வரி மாற்றினால் ரோபோ இனி படுக்கவே படுக்காது, அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம் என்றும் சொன்னார். தேவஇரக்கத்தின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"மூலம்னா என்ன?" என்றார் ஆலை முதலாளி. தெலுங்கு பேசும் ராஜு குடும்பத்தவர், நெற்றி நிறைய நாமம்.

"ஒரு குப்பை எழுத்து சார். யாரோ அப்பப்ப தப்பா அடிக்கிறாங்க. இதோ." கௌதம்ராஜ் எழுத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கிக் காட்டினார்.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"இதுக்குப் பேரு குப்பையா தம்பி?"

சென்னையில் ஒருவர் இருமினார். கௌதம்ராஜ் சமாளித்தார். "இல்ல சார், அதை எடுக்க மாட்டோம். ரோபோவே தினமும் காலையில போட்டுரும். ஆட்டோமேட்டிக். ஒரு நாளும் விட்டுப்போகாது."

முதலாளி யோசித்தார். அந்தச் சில நொடிகளில் வின்சியின் நாற்காலி பாதி நகர்ந்துவிட்டது. பிறகு பழைய பழக்கத்தில், "தேவஇரக்கம், நீங்க என்ன சொல்லுதீங்க?" என்றார்.

சி.எஸ்.ஐ. சபையின் முன்னாள் செயலாளரான தேவஇரக்கம் தொண்டையைச் செருமினார். "மெஷின் போட்டா அது வெறும் எழுத்து மொதலாளி. மனுசக் கை போட்டாத்தான் சுழி."

"அவுனு, நெசந்தான்" என்றார் முதலாளி. "அண்ணாச்சி போனப் பொறவு யாரு போடுதா?"

ஆலை மேனேஜர் சற்றுத் தயங்கி, "வின்சி மேடம்" என்றார்.

"வின்சியா?" முதலாளி கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "கைராசிக்காரப் பொண்ணு. தினமும் அதே போடட்டும். பொறவு மெஷின் ஓடட்டும். எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டார்கள். சுழி விழுந்த பிறகே ரோபோ கிளம்ப வேண்டும் என்று மென்பொருளை மாற்றினார்கள். புதிய ஒப்பந்தத்தில் அது 'மனிதத் தொடக்க உள்ளீடு' என்ற பெயரில், சென்னைக் கம்பெனியின் சிறப்புச் சேவையாக இருக்கிறது. கட்டணமும் கொஞ்சம் கூடியிருக்கிறது. தேவஇரக்கமும் வின்சியும் கணவன் மனைவி என்பது கௌதம்ராஜுக்கு மட்டும்தான் இன்னும் தெரியாது.

புது முறை தொடங்கிய காலையில் நானும் போயிருந்தேன். அவர் திரையைத் தொட்டுப் பார்க்கவில்லை.

"வின்சி நேத்துலேருந்து எங்கூடப் பேசல" என்றார். "ஒளிச்சுப் போட்டது வேறயாம், உத்தியோகமாப் போடுதது வேறயாம். 'மாதா கோயில் சாமியார் கேட்டா நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா'ன்னு கேக்கா."

"நீ என்ன சொன்ன?"

"டிக்கெட் போடுன்னா சொல்ல முடியும்?"

ஆலை திறந்து நேரமாகிவிட்டது. திரையில் முதல் கட்டம் வெறுமையாக இருந்தது. கீழே பால் சுண்டிப் பதம் தாண்டி அடிபிடிக்கும் வாசனை வந்தது. அவர் மூக்கு அதைக் கவனிக்கவில்லை. மதுரையிலிருந்து போன் அடித்தது. எடுக்கவில்லை.

திரையில் 'உ' விழுந்தது.

தேவஇரக்கம் மேசைக்கு அடியில் ஒரு காலால் மறுகாலின் செருப்பைத் தள்ளினார், பிறகு அடுத்ததையும். வெறுங்காலைத் தரையில் வைத்துக்கொண்டு, ரோபோ ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.