கன்ட்ரோல் ரத்தம்

எண்பதுகளின் நடுவில் பாலக்கோடு பக்கம் ஒரு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். கெட்டிக்காரன் என்று பெயர். அந்த நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது.

பூச்சிமருந்து உடம்புக்குள் போனால் ரத்தத்திலுள்ள கோலினெஸ்டரேஸ் என்ற என்சைமைப் பிடித்துக்கொண்டு, அதை வேலை செய்ய விடாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட். ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் அந்த என்சைம் உடைக்கக்கூடிய கெமிக்கலையும் நீலச் சாயத்தையும் சேர்ப்போம். என்சைம் நன்றாயிருந்தால் நீலம் மஞ்சளாகும். மருந்து பிடித்திருந்தால் லேசில் மாறாது. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே நல்ல உடம்புக்காரர் ஒருவரின் ரத்தம் இருக்கும். அதுதான் கன்ட்ரோல்.

அன்று மாது என்ற தக்காளி விவசாயி வாந்தியும் பேதியுமாக வந்தார்.

"மருந்து வேலையா, வயித்துக் கோளாறான்னு தெரியல. சீக்கிரம் பாருய்யா" என்றார் டாக்டர்.

கன்ட்ரோலுக்கு வழக்கம்போல வார்டு ஊழியர் அந்தோணி கையை நீட்டினார். இரண்டு குழாயும் ஒரே மாதிரி மந்தமாகத்தான் நிறம் மாறின. கெமிக்கல் பழசு, அதனால்தான் இரண்டுமே மந்தம் என்று நினைத்து, மாதுவின் ரத்தம் ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டர் விஷமுறிவு ஊசி போடாமல் சலைன் மட்டும் ஏற்றினார். மறுநாள் காலை மாது இறந்துவிட்டார்.

மனசு கேட்கவில்லை. அதே கெமிக்கலில் என் ரத்தத்தைப் போட்டுப் பார்த்தேன். சீக்கிரமே மஞ்சளாகிவிட்டது. கெமிக்கலில் கோளாறில்லை, கன்ட்ரோல் ரத்தத்தில்தான். அந்தோணியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஒரு வாரமா எங்க தோட்டத்துல மருந்தடிச்சிட்டுத்தான் சார் டூட்டிக்கு வர்றேன். லேசா தலவலி, அவ்ளோதான். நீங்க கேக்கவே இல்லீங்களே?"

டாக்டரிடம் சொன்னேன். "வெளிய மூச்சு விடாத. போனவன் திரும்பியா வரப்போறான்?" என்றார். வேலை போய்விடுமென்ற பயத்தில் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

நாலு நாள் கழித்து மாதுவின் மனைவி இறப்புச் சர்டிபிகேட் வாங்க வந்தார்.

"ரத்தத்துல விஷமில்லன்னு எழுதினது நீங்கதானுங்களா? அப்ப மருந்தால ஒண்ணுமில்லீங்க. செடியெல்லாம் புழு. அவரு அடிச்சது போக வூட்டுல மிச்சமிருக்கறத நாளைக்கு நானே அடிச்சிடுறேன்."

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"அம்மா, நான் எழுதினது தப்புங்க. அவரு செத்தது அந்த மருந்தாலதான். அதத் தொடாதீங்க."

அந்த அம்மா அழவில்லை, திட்டவுமில்லை.

"இன்னைக்கு நான் வராமப் போயிருந்தா?" என்று கேட்டார்.

அதனால்தான் இப்போது லேப் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: நோயாளியை விசாரிப்பது போல கன்ட்ரோலையும் விசாரியுங்கள். தப்பு தெரிந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். நான் நாலு நாள் சும்மா இருந்தேன்.