லட்டு ஏற்றிய ரயில்

போன வாரம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு ரயில் விபத்து நடக்கவிருந்தது. உயிர்ச்சேதம் இருந்திருக்காது. என் மானம்தான் போயிருக்கும்.

குளுவாங்கில் எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்குத் தெரியும் – நான்கு மாதங்களாக அந்த மேசை என் மாடல் ரயிலுக்குத்தான் சொந்தம். என் மனைவி சரோ பொறுமைசாலி. ஆனால் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு வருகிறதே!

"நாப்பது பேரு வராங்க. சாப்பாட்ட எங்க வைக்கிறது? உங்க தலையிலயா?"

எனக்கு யோசனைக்கா பஞ்சம்? "மேசையிலயே வை லா. ரயில்லயே லட்டு பரிமாறலாம்" என்றேன்.

சரோ என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. ஒரே ஒரு லட்டு சிந்தினாலும், அன்னிக்கே எல்லாத்தையும் பெட்டியில கட்டி ஸ்டோர் ரூம்ல போட்டுடணும். ஓகேவா?"

"ஓகே" என்றேன். எனக்கு வாய்தானே சத்துரு?

சிக்கல் என்னவென்றால், என் இன்ஜின் கிளம்பும்போதே துள்ளும். வேகக் குமிழை லேசாகத் திருப்பினால் போதும், பாய்ந்துவிடும். லட்டு என்ன ஆகும்?

இதற்கு மருந்து உண்டு. ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் நகம் அளவில் ஒரு சிப் இருக்கிறது. டீகோடர் என்பார்கள். எவ்வளவு மெதுவாகக் கிளம்ப வேண்டும், அதிகபட்ச வேகம் என்ன, எவ்வளவு நிதானமாக நிற்க வேண்டும் – எல்லாவற்றுக்கும் ஒரு எண். கன்ட்ரோல் பெட்டியைத் தட்டி எண்களை மாற்றினேன். கிளம்புவதும் நிற்பதும் தைப்பூச ரதம் மாதிரி ஆனது. ராசிக்காக அந்த இன்ஜினுக்கு ஏழாம் எண்ணைப் பெயராக வைத்தேன். இனி ஏழு என்று அழைத்தால் அதுதான் ஓடும்.

சோதனை ஓட்டத்தில் ஒரு லட்டுகூட அசையவில்லை. நானாவது சொதப்புவதாவது?

தீபாவளி மதியம். வீடு நிறைய ஆட்கள். மேசையின் இந்தப் பக்கம் லட்டு வண்டி. அந்தப் பக்கம், அதே தண்டவாளத்தில், அழகுக்காக இன்னொரு வண்டி – வறுத்த கச்சாங் கடலை நிறைய, லட்டு வண்டியைப் பார்த்தபடி. ஏழாம் எண்ணை அழைத்துக் குமிழைத் திருப்பினேன். லட்டு வண்டி ஊர்ந்தது. கைத்தட்டல்!

"அலமாக்!" என்று அலறினார் பக்கத்து வீட்டு அஸ்மா அக்கா. "அதுவும் வருது லா!"

கச்சாங் வண்டியும் கிளம்பி எதிரே வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. எண்களை மாற்றும்போது தண்டவாளத்தில் ஒரே ஓர் இன்ஜின்தான் நிற்க வேண்டும். கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது... முதல் பக்கத்தை யார் படிக்கிறார்கள்? நான் எண்களை மாற்றிய அன்று இரண்டு இன்ஜின்களும் நின்றன. இரண்டுமே ஏழாகிவிட்டன. சோதனையின்போது கச்சாங் இன்ஜினைத் தூக்கி வைத்திருந்ததால் எனக்குத் தெரியவே இல்லை.

குமிழைச் சுழியத்துக்குத் திருப்பினேன். நின்றதா? நிதானமாக நிற்கச் சொன்னது நான்தானே! இரண்டும் சாவகாசமாக வந்துகொண்டே இருந்தன. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் சட்டென்று நிற்கும், லட்டு சிதறும். அழுத்தாவிட்டால் மோதும், அப்போதும் சிதறும். விரல் பொத்தான் மேல். நிஜமாகவே பயந்துவிட்டேன்.

சரோ கையிலிருந்த ஆட்டுக்கறிச் சட்டியைக் கீழே வைத்தாள். கையை நீட்டினாள். கச்சாங் இன்ஜினைத் தண்டவாளத்திலிருந்து அப்படியே தூக்கிவிட்டாள். அவ்வளவுதான். சோதனைக்காக அதைத் தூக்கி வைத்த எனக்கே அந்த வழி தோன்றவில்லை.

லட்டு வண்டி மெல்ல வந்து, நின்றுபோன கச்சாங் பெட்டியை லேசாக முட்டி நின்றது. ஒரே ஒரு லட்டு... உருண்டு மேசை விரிப்பில் விழுந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். நான்கு மாத உழைப்பு ஸ்டோர் ரூமுக்கா?

கண்ணைத் திறந்தபோது விரிப்பில் லட்டு இல்லை. சரோவின் கன்னம் மட்டும் உப்பியிருந்தது.

"சிந்துச்சா? எங்க? ஒண்ணையும் காணோமே!" என்றாள், வாய் நிறைய.

எத்தனை எண்களை மாற்றினாலும், ஒரு வீடு தடம் புரளாமல் ஓடுவது யாரோ ஒருவர் கண்டும் காணாமலும் இருப்பதால்தான்.

மேசை இன்னும் ரயிலுக்குத்தான். பிரேக் மட்டும் சரோவிடம்!